மைக்கை விடாதவனுக்கு

இன்று திங்கட்கிழமை. மத்தியானம் ஆபீஸ் பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. ரொம்ப நாளுக்கு அப்புறம் மாலா வைத்திருந்தாள். மூடியைத் தூக்கியதும் கார் முழுக்க அந்த வாசனை. கை தன்னால் போய் ரேடியோவைத் திருகிவிட்டது. யாரோ ஒரு புது ஃபுட்பால் கோச், பத்திரிகைக்காரர்கள் முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு இருந்தான். சனிக்கிழமை ஆட்டத்தில் நன்றாக வாங்கியிருக்கிறான் போல. "இவன் எந்த ஜாதிடா, பாட்டையாவா, உம்மணாமூஞ்சியா?" என்று பக்கத்து ஸீட்டைப் பார்த்துக் கேட்டே விட்டேன். நீ இல்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. எனக்கு முதலில் வந்தது கோபம். அழுகை அதற்கு அப்புறம்தான் வந்தது.

நாம் காரில் சாப்பிட ஆரம்பித்ததே கருவாட்டால்தானே. உன் வீட்டுக்காரி ஸ்டெல்லா கொடுத்துவிட்ட குழம்பை நீ ஆபீஸ் மைக்ரோவேவில் சூடு பண்ணினாய். மறுநாள் அதன் கதவில், தயவுசெய்து மீன் சூடு பண்ணாதீர்கள் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. நீ அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "நோட்டீஸ் நமக்குத்தாம்லே. அவன் மூக்கு அவனுக்கு, நம்ம நாக்கு நமக்கு. வா, காருக்குப் போவோம்" என்றாய். உன் காரில் எஃப்.எம். செத்துப் பல நாளாகியிருந்தது. ஏ.எம்.மில் ஒரே ஒரு ஸ்டேஷன்தான் கரகரப்பு இல்லாமல் வரும். திங்கட்கிழமை மத்தியானமானால் அதில், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் இந்த ஊர் ஃபுட்பாலின் காலேஜ் கோச்சுகள் பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்லுகிற நிகழ்ச்சி. ஹூஸ்டன் வெயிலில் ஏ.சி.யை ஓடவிட்டு, மடியில் டவலை விரித்து, குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டு நாம் கேட்டது அதைத்தான்.

ஆட்டம் உனக்குச் சுத்தமாகத் தெரியாது. டச் டவுனுக்கு எத்தனை பாயிண்ட் என்று கடைசிவரை என்னிடம்தான் கேட்பாய். ஒரு மேட்சும் பார்க்காமல் பேட்டியை மட்டும் கேட்டு ரசித்தவன் டெக்சாஸிலேயே நீ ஒருத்தனாகத்தான் இருப்பாய்.

மூன்று பேர் உனக்குப் பிடித்தவர்கள். அவர்களுடைய நிஜப் பெயர் நம் காருக்குள் செல்லாது. மேற்குப் பக்கத்து யுனிவர்சிட்டி ஒன்றின் கிழவரைப் பாட்டையா என்பாய். ஏன் தோற்றீர்கள் என்று கேட்டால், அவர் தன் மாமாவின் டிராக்டர் சேற்றில் மாட்டிய கதையை ஆரம்பிப்பார். கதை முடிந்து எல்லோரும் சிரித்து ஓயும்போது, கேள்வி கேட்டவனுக்கே கேள்வி மறந்திருக்கும். இரண்டாவது ஆள் உம்மணாமூஞ்சி. எதைக் கேட்டாலும் "ஆட்டத்தின் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பதுதான் பதில். அடிபட்டவன் எப்படி இருக்கிறான் என்றாலும் அதே, அடுத்த வாரம் மழை வருமாமே என்றாலும் அதே. மூன்றாவது ஆள் ஃபாதர். உங்கள் ஊர் மாதா கோவில் பிரசங்கம் போலத் தணிந்து ஆரம்பித்து, போகப்போக ஏற்றுவார்.

"கவனிச்சியாலே?" என்று ஒருநாள் முள்ளைத் துப்பிவிட்டுக் கேட்டாய். "ஜெயிச்சா, பயலுக நல்லா ஆடுனானுகங்கான். தோத்தா, நான் சரியா தயார் பண்ணலைங்கான். நம்ம ஊர்ல அப்படியே தலைகீழா இருக்கும்லா!"

"எல்லாம் டிராமாடா. எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறான்."

"டிராமாதாம்லே. ஆனா கேக்குதவனுக்கு ஒரு ஆறுதலா இருக்குல்லா? இவனுக ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்கல, இந்த அரை மணி நேரத்துக்குத்தான் வாங்குதானுக."

நான் சிரித்தேன். உனக்கு அது பாடமாக இறங்கிக்கொண்டிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து அதே ரேடியோவைத்தானே நானும் கேட்டேன்? எனக்கு ஏன் ஒன்றும் ஒட்டவில்லை? இதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் மகள் பிறந்தநாள் உனக்கு ஞாபகம் இருக்கும். அபார்ட்மெண்ட் கிளப் ஹவுஸில் நம் சுகர் லேண்ட் பக்கத்துத் தமிழர்கள் பாதிப் பேர் கூடியிருந்தார்கள். பிரியாணி வேகவில்லை. நாங்கள் அங்கிள் என்று கூப்பிடும் ஒரு டாக்டர் பசி தாங்காமல், "பிரியாணி எப்போப்பா வரும்?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நீ கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றுவிட்டாய். பாட்டையா குரலில், "எங்க மாமா ஒருத்தரு ஒரு ஆடு வளத்தாரு" என்று ஆரம்பித்து எங்கேயோ போனாய். அப்புறம் மூஞ்சியைத் தொங்கப்போட்டு, "அண்டாவைத் திறந்து பாத்துட்டுத்தான் சொல்ல முடியும். அடுத்த கேள்வி" என்றாய். கடைசியில் ஃபாதர். "அரிசி நல்லா உழைச்சுது. கறி நல்லா உழைச்சுது. வேகாதது என் தப்பு. என் ஒருத்தன் தப்பு!"

கிளப் ஹவுஸே குலுங்கியது. மாலா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. எங்கள் வீட்டில் தமிழில் ஒரு வார்த்தை பேசாத என் மகள் உன் சட்டையைப் பிடித்து இழுத்து, "அங்கிள், டூ த ஸேட் கோச் அகெய்ன்!" என்று குதித்தாள். மாலா என் பக்கம் திரும்பி, "அந்த உம்மணாமூஞ்சி அப்படியே நீங்கதாங்க" என்றாள். காலையில் எழுந்ததிலிருந்து அந்தப் பிரியாணிக்கு வெங்காயம் உரித்தவன் நான். நான் உரித்த வெங்காயத்துக்கு, நான் அடுப்பில் ஏற்றிய அண்டாவுக்கு, கைதட்டல் உனக்கு. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அதுகூடப் போகட்டும், விளையாட்டு. லீட் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம்தான் நம் மேலாளர் கேரி, ஜனவரியிலிருந்து நம் புராஜெக்டைத் தலைமை தாங்கி நடத்த ஒரு லீட் போடப் போவதாகச் சொன்னார். ஒன்று நீ, இல்லை நான். லீட் ஆகிறவனுக்கு கம்பெனி முதலில் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணும் என்றும் சொன்னார். உனக்கு ஒரு வருஷம் முன்னால் அமெரிக்கா வந்தவன் நான். அதனால் என் விசாதான் முதலில் முடியும். அதற்குள் பேப்பர் போகாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு பெரம்பூருக்குத் திரும்ப வேண்டியதுதான். வேலையில் நான் உன்னைவிடக் கெட்டிக்காரன். இதை நான் சொல்லவில்லை, நீயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். அதனால் அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நான் நம்பியிருந்தேன். மாலாவிடமும் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

இந்த ஊரில் குளிர்காலம் வருமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். இரண்டு மணி அடிக்க வேண்டிய நேரத்தில் மறுபடியும் ஒரு மணி. எனக்கு இது தெரியாதா? தெரியும். வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை நானே திருப்பி வைத்துவிட்டுத்தான் படுத்தேன். ஆனால் நான் புதிதாக எழுதிய புரோகிராமுக்கு அதைச் சொல்லிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வருஷம் முழுக்க ஒரே நேரம் ஓடும் ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு எப்படித் தோன்றும்? எந்தக் குழாயில் எவ்வளவு கேஸ் அனுப்ப வேண்டும் என்ற உத்தரவுகளை அது ஒன்றரை மணிக்கு அனுப்பும். அன்றைக்கு ஒன்றரை மணி இரண்டு தடவை வந்தது. எல்லா உத்தரவும் இரண்டு தடவை போய்விட்டது.

திங்கட்கிழமை காலை நாம் புரோகிராம் எழுதிக் கொடுத்த அந்த கேஸ் கம்பெனியின் பெரிய அறையில், மேஜையைச் சுற்றி கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள்தான் அங்கே பெரியவர். "இது எப்படி நடந்தது?" என்று கேட்டார். கேரி என்னைப் பார்த்தார், என் புரோகிராம் ஆயிற்றே. எழுந்தேன். காரணம் எனக்குத் தெரியும். அதற்குள் சரியும் பண்ணிவிட்டேன். எல்லாம் தலைக்குள் வரிசையாக இருந்தது. "த கிளாக்" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அத்தனை கண்ணும் என் மேல். கடைசியில் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? பார்த்துவிட்டுச் சொல்கிறோம். சாட்சாத் உம்மணாமூஞ்சி! அந்த அம்மாளின் முகம் சிவந்துவிட்டது.

நீ எழுந்தாய். மெதுவாக, ஒரு கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு. "எங்கள் நாட்டில் கடிகாரம் பின்னால் போவதே கிடையாது. ஒரு மணி நேரம் போனால் போனதுதான். இந்த நாட்டில் வருஷத்துக்கு ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றால், இவ்வளவு தாராள மனசு இருக்குமா என்று எங்களால் நம்ப முடியவில்லை" என்று இங்கிலீஷில் சொன்னாய். ஒருத்தர் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கக் காத்திருந்து, குரலைத் தணித்து, "புரோகிராம் எழுதியவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. என் டீமை நான்தான் இதற்குத் தயார் பண்ணவில்லை. பொறுப்பு என்னுடையது. சரி பண்ணியாயிற்று, இனி நடக்காது" என்றாய்.

அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார். கேரி உன்னைப் பார்த்த பார்வையைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

என் டீமாம்! யாருடைய டீம்? அன்றைக்கு நீயும் நானும் ஒரே படியில் நின்றவர்கள். உனக்குக் கீழே ஒரு ஈ எறும்புகூட வேலை பார்க்கவில்லை. பழியைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்ட அந்த ஒரே வாக்கியத்தில் நீ கேப்டன் ஆகிவிட்டாய், என்னை உன் ஆளாக்கிவிட்டாய். மற்றவன் அடுத்தவனின் வெற்றியைத் திருடுவான். நீ என் தோல்வியை எடுத்துக்கொண்டு போய், அதில் பதவி வாங்கினாய். ஜனவரியில் நீ லீட்.

அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் இரண்டு வாரம் நான் உன் காருக்கு வரவில்லை. மேஜையிலேயே ரொட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது திங்கட்கிழமை நீயே வந்து என் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனாய். பின்னாலேயே வந்தேன். காரில் உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன்.

"நிஜத்தைச் சொல்லுடா. என்னைக் காப்பாத்தணும்னு பேசினியா, லீட் ஆகணும்னு பேசினியா?"

நீ ரேடியோவை நிறுத்தினாய். "ரெண்டுந்தாம்லே. உன்னை அந்தம்மா வாயிலயிருந்து பிடுங்கணும்னும் நெனச்சேன், நான் மேல வரணும்னும் நெனச்சேன். ஒரே நேரத்துல ரெண்டையும் நெனக்கக் கூடாதா?"

"என் டீம்னு ஏன்டா சொன்னே?"

"வாய்ல வந்துச்சு. நீ பேசாம நின்ன. மைக்கு சும்மா கெடந்தா எவனாவது எடுப்பாம்லே. எவனோ எடுக்கதுக்கு நான் எடுத்தேன்."

நீ பொய் சொல்லியிருந்தால் உன்னோடு சண்டை போட்டுப் பிரிந்திருப்பேன். அந்த வழியையும் நீ அடைத்துவிட்டாய். நான் சோற்றைப் பிசைந்தேன். நீ உன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு சீலாக் கருவாட்டை எடுத்து என் டப்பாவில் வைத்தாய். அதையும் தின்று தொலைத்தேன், ருசியாகத்தான் இருந்தது.

அப்புறம் என் விசா முடிவதற்குள் கேரியிடம் போய் உட்கார்ந்து, என்ன கதை சொன்னாயோ, எந்த டிராக்டரைச் சேற்றில் இறக்கினாயோ, என் பேப்பரையும் அனுப்பவைத்தாய். கார்டு வந்த அன்றைக்கு மாலா சாமி படத்துக்கு முன்னால் அதை வைத்துவிட்டு, "அண்ணன் பேசினதாலதாங்க கிடைச்சுது. அவர் வாய்க்குச் சர்க்கரை போடணும்" என்றாள். கார்டில் இருந்தது என் மூஞ்சி, அதுவும் உம்மென்று. ஆனால் அது வந்தது உன் வாயால். எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தை முழுசாகப் படவிடாமல் நடுவில் நீ நின்றுகொண்டிருந்தாய்.

இந்த மார்ச்சில், காலையில் ஷூ மாட்டும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாயாம். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாய் என்று ஸ்டெல்லா சொன்னாள். உன்னைப் பற்றி இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

சர்ச்சில் பூசை முடிந்ததும் யாராவது இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். ஸ்டெல்லா என்னிடம்தான் வந்தாள். "அண்ணே, நீங்க பேசுங்க."

"எனக்குப் பேச வராதேம்மா. உனக்குத் தெரியாதா?"

"யாரு பேசுனாலும் அவுகளைவிட மோசமாத்தான் பேசப்போறாக. நீங்களே பேசுங்க" என்றாள். அழுது வீங்கிய முகத்தோடு அதைச் சொன்னாள். உன்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவள் அல்லவா.

மைக் முன்னால் போய் நின்றேன். நம் தமிழ் ஜனம், ஆபீஸ் ஜனம், மூன்றாவது வரிசையில் கேரி. பக்கத்தில் பெட்டிக்குள் நீ, கோட்டு போட்டுக்கொண்டு. அந்த கேஸ் கம்பெனி அறை போலவே எல்லாக் கண்ணும் என் மேல். நாக்கு அதே இடத்தில் ஒட்டியது. கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். யாரோ இருமினார்கள்.

அப்புறம் வாய் திறந்தது. "இந்த மாதிரி நேரத்தில் நான் பேசாமல் நின்றால், எனக்குப் பதிலாக எழுந்து பேச ஒருத்தன் இருந்தான். இன்றைக்கும் எழுந்துவிடுவான் என்றுதான் இவ்வளவு நேரம் காத்துக்கொண்டிருந்தேன்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள். அந்தச் சத்தம் அடங்கக் காத்திருந்தேன். காத்திருக்க வேண்டும் என்று யார் எனக்குச் சொன்னது? மைக்ரோவேவ் நோட்டீஸ் கதையைச் சொன்னேன். ஆட்டம் தெரியாமல் பேட்டி கேட்டவன் கதையைச் சொன்னேன். கடைசியில் குரலைத் தணித்து, "அவனை அனுப்பிவைக்க எங்களில் யாரும் தயாராக இல்லை" என்றேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக நாலு பேர் முன்னால் நின்று, தடுமாறாமல், நினைத்ததை நினைத்தபடி பேசினேன். உன்னைப் பெட்டியில் பார்த்த துக்கத்துக்கு நடுவிலும், பேசிவிட்டோம்டா என்று ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. மறைப்பானேன்?

பக்கத்து ஹாலில் காப்பி கொடுத்தார்கள். கேரி வந்து என் தோளைப் பிடித்து, "ஒரு நிமிஷம் அவனே அங்கே நிற்கிறான் என்று நினைத்துவிட்டேன்" என்றார். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவுக குரலைக் கேட்ட மாதிரியே இருந்துச்சுண்ணே" என்று அழுதாள். மாலாவை ஆசையாகப் பார்த்தேன். அவளாவது சொல்வாள் என்று நினைத்தேன். "ஏங்க, அப்படியே அண்ணன் பேசற மாதிரி பேசினீங்க" என்றாள்.

நான் நன்றாகப் பேசினேன் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. டேய், பெட்டிக்குள் படுத்துக்கொண்டும் மைக்கை விடமாட்டேன் என்றாயே!

ஏப்ரலில் கேரி என்னை லீட் ஆக்கினார். அத்தனை வருஷம் நான் ஆசைப்பட்ட நாற்காலி. போய் உட்கார்ந்தேன். உயரம் சரியில்லை, திருகிச் சரி பண்ணிக்கொண்டேன். இப்போது கூட்டங்களில் நான்தான் பேசுகிறேன். சிரிக்கவைக்கிறேன், காத்திருக்கிறேன், குரலைத் தணிக்கிறேன். உன் பேச்சு என் தொண்டைக்குள் வந்து குடியேறிவிட்டது. வாடகை தராத ஆள் போல உட்கார்ந்திருக்கிறாய், கிளப்ப முடியவில்லை. சில நாள் கிளப்ப மனசும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சுகர் லேண்டில் பொறாமைப்பட ஆளுக்கா பஞ்சம்? ஏரியைப் பார்த்து வீடு வாங்கியவன் இருக்கிறான். நேற்று வந்து இன்று ஜெர்மன் காரில் போகிறவன் இருக்கிறான். நாலு பேர் நடுவில் ஜோக் அடித்து மாலாவைச் சிரிக்கவைக்கிறவன்கூட ஒருத்தன் புதிதாக வந்திருக்கிறான். முயன்று பார்த்தேன்டா. எவனைப் பார்த்தும் வயிறு எரிய மாட்டேன் என்கிறது. எரிந்தால் உன்னைப் பார்த்துத்தான் எரிந்தது. இன்னும் உள்ளே நிறைய மிச்சம் இருக்கிறது. அதை வேறொருத்தனுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.